இடம் எங்கே நழுவுகிறது?



எஸ்.பி.எம். முடிவு வந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரே கேள்விதான். "எத்தனை ஏ?" விண்ணப்பத்தை யார் பூர்த்தி செய்தார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாயார் தம் மகனுடன் என்னிடம் வந்தார். கணவர் லோரி ஓட்டுநர். பையன் எட்டு ஏ எடுத்தவன். பொதுப் பல்கலைக்கழகம் ஒன்றில் அசாசி எனும் அடித்தளக் கல்விக்கு அவனுக்கு இடமும் கிடைத்திருந்தது. அந்தச் செய்தி அவர்களுக்கு எட்டவில்லை. விண்ணப்பத்தைத் தட்டிக் கொடுத்தவர் வீட்டருகே நகல் எடுக்கும் கடைக்காரர். மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் கடையுடையவை. விவரம் தெரிந்து ஓடிப்போய்ப் பார்த்தபோது, பதில் தர வேண்டிய நாள் கடந்திருந்தது. பதில் தராதவர் இடத்தை மறுத்தவராகவே கருதப்படுவார். அந்தக் கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐந்து வெள்ளிக்கு அவர் செய்தது தட்டச்சு வேலை.

ஆகவே பெற்றோரே, பிள்ளையின் பெயரிலேயே மின்னஞ்சல் திறக்கச் சொல்லுங்கள். மறைச்சொல்லை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். விண்ணப்பம் அனுப்பும்போது பக்கத்தில் உட்காருங்கள். மலாய் சரளமாக வராவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளை படித்துச் சொல்லட்டும்.

அடுத்தது ஒரு குழப்பம். யு.பி.யு. இணையத்தளத்தில் விண்ணப்பித்தால் மெட்ரிகுலேஷனுக்கும் சேர்த்து விண்ணப்பித்தாகிவிட்டது என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இல்லை. மெட்ரிகுலேஷன் கல்வி அமைச்சின் கீழ் வருவது. அதற்குத் தனி விண்ணப்பம், தனி இறுதி நாள். எஸ்.பி.எம். தேர்வில் பத்து ஏ-வும் அதற்கு மேலும் பெற்றவர்களுக்கு இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் தரப்படும் என்று 2024-இல் பிரதமர் அறிவித்தார். வரவேற்கிறோம். ஆனால் ஏழு ஏ, எட்டு ஏ எடுக்கும் பிள்ளைகள்தாம் நம்மிடையே அதிகம். அவர்களுக்கு விண்ணப்பம்தான் துணை.

2002-ஆம் ஆண்டு முதல் பொதுப் பல்கலைக்கழக நுழைவு தகுதிப் புள்ளி முறையில் நடக்கிறது. நூற்றில் 90 புள்ளி கல்விக்கு, 10 புள்ளி புறப்பாட நடவடிக்கைக்கு. இந்தப் பத்தை நாம் மதிப்பதே இல்லை. "சாரணர் பயிற்சிக்குப் போக வேண்டாம், டியூஷனுக்குப் போ" என்று சொல்லும் பெற்றோர் எத்தனை பேர்! நான்காம், ஐந்தாம் படிவங்களில் வருகை, பொறுப்பு, போட்டிகளில் பங்கெடுப்பு எல்லாம் புள்ளியாகச் சேர்கின்றன. மாவட்டம், மாநிலம் என்று நிலை உயர உயரப் புள்ளியும் உயரும். நற்சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவதற்கு முன் பள்ளியில் கொடுத்துப் பதியச் சொல்லுங்கள். ஐந்தாம் படிவ இறுதியில் ஓடினால் நடக்காது.

எஸ்.டி.பி.எம். முடித்து யு.பி.யு.வுக்கு விண்ணப்பித்த ஒரு பெண், பன்னிரண்டு தெரிவுகளிலும் மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல் என்றே நிரப்பியிருந்தார். 4.00 எடுத்தவர்களே வரிசையில் நிற்கும் துறை அது. அவருடையது 3.6. எல்லாத் தெரிவும் வீணாயின. யாருடைய ஆசை அது என்று கேட்டேன். அவர் அப்பாவைப் பார்த்தார். முதல் சில இடங்களில் கனவை எழுதுங்கள், தவறில்லை. மீதியில் உங்கள் புள்ளிக்கு எட்டுவதை எழுதுங்கள். ஒவ்வொரு படிப்புக்கும் எந்தப் பாடத்தில் எந்தத் தேர்ச்சி தேவை என்பதைப் படித்த பிறகே எழுதுங்கள்.

முடிவு வந்த வாரத்திலேயே தனியார் கல்லூரி முகவர்கள் கைப்பேசியில் அழைக்கத் தொடங்குவார்கள். முன்பணம் கட்ட அவசரப்படாதீர்கள். அந்தப் படிப்பு மலேசியத் தகுதி நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். பி.டி.பி.டி.என். கடன் கிடைக்கும் என்பார்கள். கடன் என்றால் திருப்பிக் கட்ட வேண்டியது.

ஆறாம் படிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. "மறுபடியும் பள்ளிச் சீருடையா?" என்று முகம் சுளிக்கிறோம். அரசாங்கப் பள்ளியில் மிகக் குறைந்த செலவில் படிக்கலாம். மூன்று தவணைகளாகத் தேர்வு நடக்கிறது. மதிப்பெண் குறைந்த தவணையை மீண்டும் எழுதவும் வாய்ப்புண்டு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஏற்கும் சான்றிதழ் அது. பாடம் கடினம்தான், மறைக்கவில்லை.

லோரி ஓட்டுநரின் மகன் அந்த வழியில்தான் போனான். ஒன்றரை ஆண்டு உழைத்தான், இப்போது பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கிறான். போன மாதம் அழைத்திருந்தான். தங்கை ஐந்தாம் படிவமாம். அவளுக்கு மின்னஞ்சல் திறந்து கொடுத்துவிட்டதாகச் சொன்னான்.