வாயில்லா ஜீவனின் முதுமையும் நமது பொறுப்பும்

(ஜமாஅத் கூடத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வல்ல அல்லாஹ்வைப் புகழ்ந்து, அவன் தூதர் (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்தும் ஸலாமும் கூறி இவ்வுரையைத் தொடங்குகின்றோம்.

நமது மஹல்லாவில் நெடுங்காலம் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்த சகோதரர் ஒருவர், நிர்வாகத்தின் முன் ஒரு கேள்வியை வைத்தார். அவரிடம் உள்ள பெண் குதிரைக்கு வயது 24. ஆட்டோக்கள் பெருகிய பின் சவாரி நின்று போனது, வண்டியை விற்றுவிட்டார், குதிரை மட்டும் எஞ்சி நிற்கின்றது. அது நாளுக்கு நாள் மெலிகின்றது. வைத்த தீனியைத் தின்று முடிப்பதில்லை. தீனிச் செலவோ அவர் குடும்பத்தின் சோற்றுச் செலவை எட்டிப் பிடிக்கின்றது. “சந்தையில் தள்ளிவிடு” என்றார் ஒருவர். “ஊசி போட்டு முடித்துவிடு” என்றார் மற்றொருவர். “கண்மாய்க் கரையில் அவிழ்த்து விடு, படைத்தவன் படியளப்பான்” என்றார் மூன்றாமவர். “ஹஜ்ரத், மார்க்கம் இதில் என்ன சொல்கிறது?” என்பதே அவர் கேள்வி.

ஒரு கிழட்டுக் குதிரைக்காக ஜமாஅத் கூடி யோசிப்பதா எனச் சிலர் எண்ணலாம். நம்மவர்க்கும் குதிரைக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதன்று. நம்மில் ஒரு சாரார் இன்றும் தாங்கி நிற்கும் ‘ராவுத்தர்’ என்ற பெயரே குதிரை வீரரைக் குறிப்பது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் காயல் துறைக்கு வந்த மார்க்கோ போலோ, பாண்டிய மன்னர் ஆண்டுதோறும் 2000க்கும் மேற்பட்ட குதிரைகளைக் கடல் கடந்து வரவழைத்ததையும், அவற்றைப் பேணத் தெரிந்தோர் இங்கே இல்லாமையால் ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை மடிந்ததையும் எழுதி வைத்துள்ளார். அவ்வணிகத்தை நடத்திய அரபு, பாரசீக வணிகர்கள் பெரும் பொருள் ஈட்டினர். விலை கொடுத்து வாங்குவது எளிது, பேணுவதே அரிது என்பதற்கு அவ்வரலாறு சான்று.

சகோதரர்களே! திருக்குர்ஆனின் 100ஆவது அத்தியாயம் மூச்சிரைக்க ஓடும் குதிரைகளின் மீது சத்தியத்தோடு தொடங்குகின்றது. அல்லாஹ் சத்தியமிட எடுத்துக் கொண்ட படைப்பு எத்துணைச் சிறப்புடையது என்பதை எண்ணிப் பாருங்கள். நபி (ஸல்) அவர்கள் அன்ஸாரித் தோழர் ஒருவரின் தோட்டத்தினுள் நுழைந்தபோது, அங்கிருந்த ஒட்டகம் அவர்களைக் கண்டு கண்ணீர் வடித்தது. அவர்கள் அதைத் தடவிக் கொடுத்து, உரிமையாளர் யாரென விசாரித்து, பட்டினி போட்டும் ஓயாது வேலை வாங்கியும் அதை வருத்தியதற்காக அவரைக் கண்டித்தார்கள். இச்செய்தி அபூதாவூதில் உள்ளது. முஸ்னத் அஹ்மதில் யஃலா இப்னு முர்ரா (ரலி) வழியாக வரும் நிகழ்ச்சியிலோ, முதுமை வரும் வரை வேலை வாங்கிய ஒட்டகத்தை அதன்பின் அறுத்துவிட முனைந்தவர்களைப் பற்றிப் பேசப்படுகின்றது. உழைப்பை வாங்கியவன் முதுமையையும் ஏற்க வேண்டும் என்பதே இவற்றிலிருந்து நாம் பெறும் படிப்பினை.

சட்ட வல்லுநர்கள் இதனை மேலும் தெளிவாக்கினர். ஹிஜ்ரி 660இல் மறைந்த ஷாஃபிஈ மேதை இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் (ரஹ்) அவர்கள், கால்நடைகளுக்கு மனிதன் மீதுள்ள உரிமைகளை வரிசைப்படுத்துகின்றார்கள். முதுமையாலோ நோயாலோ எப்பயனும் தராத நிலையை அடைந்துவிட்ட பிராணிக்கும் உரிமையாளர் செலவு செய்தே ஆக வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. ஆகவே, ‘பயன் தீர்ந்தது, கடமையும் தீர்ந்தது’ என்ற கணக்கு மார்க்கத்தில் இல்லை.

இனி அம்மூன்று யோசனைகளையும் ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

அவிழ்த்து விடுவது முற்றிலும் கூடாது. லாயத்தில் வளர்ந்த குதிரை காட்டு விலங்கன்று. அதற்கு நாளொன்றுக்கு 25 லிட்டருக்கும் குறையாத தண்ணீர் வேண்டும். தெருவில் விடப்பட்டால் குப்பைத் தொட்டியைக் கிளறும். நெகிழிப் பையை விழுங்கிக் குடல் அடைத்துச் சாகும். இரவில் வாகனத்தின் குறுக்கே பாய்ந்து மனித உயிரையும் பறிக்கும். பூனையைக் கட்டி வைத்துப் பட்டினி போட்ட பெண் தண்டனைக்குள்ளானதை நாம் அனைவரும் அறிவோம். பசித்த பிராணியைத் துரத்தி விடுவதும் அதே வாசலுக்கு மற்றொரு வழியே. 1960ஆம் ஆண்டின் பிராணி வதைத் தடுப்புச் சட்டமும், பசி தாகத்தால் துன்புறும்படி பிராணியைக் கைவிடுவதைக் குற்றமென்கின்றது.

சந்தையில் தள்ளுவதும் பொறுப்பைத் தள்ளுவதே. 24 வயதுக் குதிரையை விலை கொடுத்து வாங்குபவர் அதை உட்கார வைத்துத் தீனி போடுவதற்காக வாங்குவதில்லை. செங்கல் வண்டியிலோ மணல் வண்டியிலோ பூட்டுவார். அல்லது கைமாற்றி விடுவார். முதுமையாலோ நோயாலோ வேலைக்குத் தகுதியற்ற பிராணியை வேலையில் ஈடுபடுத்துவது அச்சட்டத்தின்படி தண்டனைக்குரியது. குறையை மறைத்து விற்பது மார்க்கத்திலும் மோசடியாகும்.

அப்படியாயின் செய்யத்தக்கது யாது? முதலில் குதிரையின் நிலையை அறிந்தவரிடம் கேட்பது. சகோதரரின் குதிரையைக் கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். குதிரை நன்கு பேணப்பட்டால் 25 முதல் 30 ஆண்டுகள் வரை வாழும். அதன் பற்கள் வாழ்நாள் முழுதும் ஈறிலிருந்து மேலெழுந்து தேய்ந்து கொண்டே இருக்கும். ஓரங்கள் கூர்மையாகி நாவையும் கன்னத்தையும் கிழிக்கும். முதுமையில் பற்கள் தேய்ந்தே போகும். அப்போது வைக்கோலை மெல்ல இயலாமல் பாதி மென்ற உருண்டைகளாகக் கீழே உமிழும். பார்ப்பவர் “தீனி வெறுத்துவிட்டது, காலம் முடிந்தது” என்பார். உண்மையில் அது பசியோடு நிற்கும்! இக்குதிரையின் நிலையும் அதுவே. மருத்துவர் கூர் ஓரங்களை அரத்தால் ராவினார். குடற்புழு மருந்து கொடுத்தார். வைக்கோலைக் குறைத்து, ஊறவைத்த தவிடும் வேகவைத்த கொள்ளும் நறுக்கிய பசும்புல்லும் தரச் சொன்னார். இரண்டு மாதங்களில் விலா எலும்புகள் மறைந்தன. ஊசி போட்டு முடிக்கச் சொன்னவர் அவசரப்பட்டிருந்தால், பல்வலிக்கு மரணத்தைத் தீர்ப்பாக வழங்கியிருப்போம்.

அதன்பின் இடம் பற்றிய கேள்வி எழுந்தது. நம் ஜமாஅத்தைச் சேர்ந்த தோப்பு உரிமையாளர் ஒருவர் குதிரையை ஏற்க முன்வந்தார். அப்போது எழுதிக் கொண்ட நிபந்தனைகள் ஐந்து: வண்டியில் பூட்டக் கூடாது, பிறருக்குக் கொடுக்கவோ விற்கவோ கூடாது, குளம்பைச் சீர்செய்ய லாடக்காரரையும், ஆண்டுக்கொரு முறை பற்களைப் பார்க்க மருத்துவரையும் அழைக்க வேண்டும், பழைய உரிமையாளர் எப்போதும் வந்து பார்க்கலாம், இயலாமற் போனால் திருப்பி ஒப்படைக்க வேண்டும். குதிரையை இடம் மாற்றுமுன் கிளாண்டர்ஸ் என்னும் தொற்றுநோய்க்கான இரத்தப் பரிசோதனையும் செய்யப்பட்டது. மனிதருக்கும் பரவக் கூடிய கொடிய நோய் அது. வேறிடம் தருவதென்றால், இவ்வாறு கண்ணும் கணக்குமாகத் தர வேண்டும். அது அமானிதம்.

குதிரை அத்தோப்பில் பதினான்கு மாதங்கள் நிழலில் நின்றது. பின்னர் ஒரு மழைக்காலத்தில் படுத்தது, எழவில்லை. கயிறு கட்டித் தூக்கி நிறுத்தினர், மீண்டும் விழுந்தது. இரண்டாம் நாள் இடுப்பில் புண் கண்டது. எழுந்து நிற்க இயலாத குதிரையின் பாரம் அதன் தசைகளையே நசுக்கும். இனி மீளாது என்றார் மருத்துவர்.

இவ்விடத்தில் ஃபிக்ஹ் நூல்களில் கருத்து வேறுபாடு உண்டு. இறைச்சி உண்ணப்படாத பிராணியை, அது முடமான கழுதையே ஆயினும், வேதனையிலிருந்து விடுவிப்பதற்காகவும் அறுக்கக் கூடாதென ஷாஃபிஈ நூல்கள் கூறுகின்றன. நோயுற்றுப் பயனற்றுப் போன கழுதையை அறுத்து ஓய்வளிப்பதில் தவறில்லை என்று ஹனஃபி நூலாகிய ஃபதாவா ஆலம்கீரி கூறுகின்றது. ஷாஃபிஈ மத்ஹபில் குதிரை இறைச்சி ஆகுமானது. ஆயினும் நம் நாட்டு உணவுச் சட்டம் உணவுக்கான விலங்குகளுள் குதிரையைச் சேர்க்கவில்லை. மருந்து ஏற்றிய உடலை யாரும் உண்ணவும் முடியாது. தேர்ந்த மருத்துவர் மீட்சி இல்லையென உறுதி கூறி, வேதனையும் கண்கூடாக இருக்கும்போது அதை முடிப்பது ஆகும் என்பதே இன்றைய உலமாக்கள் பலரின் கருத்து. உயிர் போக்கும்போதும் அழகிய முறையைக் கையாளப் பணித்த நபிமொழியை முஸ்லிம் நூலில் காண்கின்றோம். ஆகவே ‘ஆகும்’ என்றே நாம் பதிலளித்தோம். செலவுக்கு அஞ்சியோ, பார்க்கச் சகியாத நம் மனச்சோர்வுக்காகவோ எனில் ஆகாது என்பதையும் சேர்த்தே சொன்னோம்.

முதலில் மயக்கமூட்டி, பிறகு உயிர் பிரியும் மருந்தை மருத்துவர் நரம்பில் செலுத்தினார். பழைய உரிமையாளர் அதன் பிடரியில் கை வைத்தபடி அருகிலேயே அமர்ந்திருந்தார். அம்மருந்து உடலில் தங்கிவிடும் என்பதால் நாயோ கழுகோ தோண்டித் தின்று மடியாதிருக்க, கிணற்றுக்குத் தொலைவில் ஆழமாகக் குழி வெட்டி அடக்கம் செய்தனர்.

கண்ணியத்திற்குரியோரே! இதில் ஜமாஅத்திற்கும் பங்குண்டு. ஜகாத் பணத்தைப் பிராணிக்கென ஒதுக்க இயலாது. ஆனால் ஏழையான உரிமையாளருக்கு அதை வழங்கலாம். அவர் தம் உடைமையாகப் பெற்றுத் தீனி வாங்கலாம். ஸதகாவுக்கோ இத்தடையும் இல்லை. உழைத்து ஓய்ந்த குதிரைகள் மேய்ந்து திரிவதற்கென்றே டமாஸ்கஸில் ஒரு பசும்புல் வெளி வக்ஃப் செய்யப்பட்டிருந்ததாக முஸ்தஃபா ஸிபாயீ (ரஹ்) அவர்கள் எழுதுகின்றார்கள். நமக்குப் புல்வெளி இல்லை. ஆயினும் நம் மஹல்லாவில் மாடோ, ஆடோ, குதிரையோ முதுமையுற்றால், உரிமையாளர் தனித்து முடிவெடுக்குமுன் மருத்துவரை ஒருமுறை அழைக்கும் செலவையேனும் பைத்துல்மாலின் ஸதகாப் பிரிவிலிருந்து ஏற்குமாறு நிர்வாகத்தைக் கேட்டுக் கொள்கின்றோம். ஒரு முறை வந்து பார்க்கும் கட்டணம் பெரிதன்று. அதனால் தெளிவாகும் முடிவோ ஓர் உயிரைப் பற்றியது.

நம் கையில் ஒப்படைக்கப்பட்ட ஒவ்வோர் உயிரைக் குறித்தும் நாளை விசாரிக்கப்படுவோம். பேச இயலாதவை அந்நாளில் பேசும். அன்று நமக்கெதிராக எந்த ஜீவனும் முறையிடாத வாழ்வை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.