பாசறைப் புல்வெளிகள்

உத்தியோக நிமித்தமாகவோ தொழில் நிமித்தமாகவோ தமிழ்நாட்டை விட்டு வந்து, டில்லியிலும் செகந்திராபாத்திலும் ஜபல்பூரிலும் புனேயிலும் குடியேறியவர்களுள் பலர், நாள்தோறும் ஒரு பட்டாளக் குடியிருப்பின் மதிற்சுவரை ஒட்டியே அலுவலகம் சென்று திரும்புகிறவர்கள். பேருந்தின் சாளரத்திலிருந்து பார்த்தால், மதிலுக்கு அப்பால் அரை மைல் தூரத்திற்குப் பசும்புல் விரிந்து கிடக்கும். அதன் கோடியில் ஒரு சிறு கொடி தனியாக ஆடிக்கொண்டிருக்கும். நான்கு பேர் அவசரமேதுமின்றி நடந்து கொண்டிருப்பர். அதற்குள் பேருந்து திரும்பிவிடும். அதுதான் கோல்ப் மைதானம். அதனுள்ளே சென்று பார்க்கலாம் என்ற எண்ணம் நம்மில் எவருக்கும் எளிதில் தோன்றுவதில்லை. அதைப் பற்றியே இன்று சிறிது பேசலாமென்று இருக்கிறோம்.

நமக்கு இந்த ஆவல் பிறந்த விதம் சற்றே வெட்கத்திற்குரியது. மொழிபெயர்ப்பு நமது ஜீவனோபாயம். சில ஆண்டுகளுக்கு முன்பு, மலைவாசஸ்தலங்களைப் பற்றிய ஓர் ஆங்கிலக் கட்டுரை நமது மேஜைக்கு வந்தது. அதில் பட்டாளத்தார் ஆடும் கோல்ப் ஆட்டத்தைப் பற்றி ஒரு பத்தி. 'பங்கர்' என்ற சொல்லைக் கண்டதும், இடம் பட்டாளத்து இடமாயிற்றே என்று, சிறிதும் தயங்காமல் 'பதுங்குகுழி' என்று எழுதிவிட்டோம். 'பந்து பதுங்குகுழியில் விழவே, மேஜர் மும்முறை தாக்கியும் அதனை வெளியேற்ற முடியவில்லை' என்று அச்சாகியும் விட்டது. ஜபல்பூரிலிருந்து ஓர் அன்பர், 'யுத்தம் எப்பொழுது முடிவடைந்தது என்பதையும் தெரிவித்தால் நலம்' என்று அஞ்சலட்டை எழுதியிருந்தார். அதை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறோம். கோல்ப் ஆட்டத்தில் பங்கர் என்பது, ஆடுவோரைச் சிக்க வைப்பதற்காகவே வெட்டி மணல் நிரப்பிய பள்ளம். மணற்குழி என்று எழுதியிருந்தால் போதுமானது. பார்த்தறியாத பொருளை மொழிபெயர்ப்பதில்லை என்று அன்று ஒரு விரதம் பூண்டோம். விடுமுறைகளில் இந்தப் புல்வெளிகளைத் தேடிச் செல்வதும் அன்றே தொடங்கிற்று.

ஆட்டத்தின் விதி எளிது. 46 கிராமுக்குட்பட்ட ஒரு சிறு பந்து. அதை அடிக்கப் பதினான்குக்கு மேற்படாத மட்டைகள். நாலேகால் அங்குல அகலமுள்ள ஒரு குழி. எத்தனை குறைந்த அடிகளில் பந்தைக் குழிக்குள் சேர்க்கிறோம் என்பதே கணக்கு. இப்படிப் பதினெட்டுக் குழிகள். சிறிய மைதானமாயின் ஒன்பதே குழிகள் அமைத்து, இருமுறை சுற்றி வருவர். முழுச் சுற்றுக்கு ஆறேழு கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கும். நடுவிலுள்ள பாதை செப்பமாக வெட்டிய புல். இருபுறமும் கரட்டுப் புல்லும் மரங்களும். குழியைச் சுற்றி மட்டும் ஜமக்காளம் விரித்தாற்போன்ற குறும்புல். இந்தக் கடைசி இடத்திற்குத்தான் 'கிரீன்' என்று பெயர்.

ஸ்காத்லாந்துக்காரர் ஆட்டமாகிய இது, 1829-ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவில் ஒரு சங்கமாக நிலைபெற்றுவிட்டது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே தோன்றிய சங்கங்களுள் இதுவே பழமையானது என்பர். அங்கிருந்து அது பாசறைதோறும் பரவியதற்குக் காரணம் ஊகிக்கக் கூடியதே. வெள்ளைக்கார அதிகாரிகளிடம் மாலைப்பொழுது நிறைய இருந்தது. கன்டோன்மென்டில் நிலம் அதைவிட நிறைய இருந்தது. தண்ணீர்தான் இல்லை. சமவெளிப் பாசறைகளில் கோடையில் புல் கருகிவிடும். அதற்கு ஓர் உபாயம் கண்டார்கள். குழியைச் சுற்றிப் புல்லுக்குப் பதிலாக மணலைப் பரப்பி, அதில் எண்ணெயைக் கலந்து உருளையால் அழுத்திச் சமப்படுத்தினார்கள். பச்சைக்குப் பதில் பழுப்பு நிறமானதால் இதற்குப் 'பிரௌன்' என்றே பெயர் வழங்கிற்று. ஒவ்வொரு கோஷ்டியும் ஆடி முடித்தபின் காலடித் தடம் தெரியாதபடி ஓர் ஆள் மணலை இழுத்துச் சமன் செய்ய வேண்டும். சொட்டு நீரும் வேண்டாத அந்த ஏற்பாடு, வறண்ட ஊருக்கு ஏற்றதாகவே நமக்குப் படுகிறது. இன்று பச்சையின் மோகம் பெருகி, பழுப்பு மறைந்து வருகிறது.

பார்க்கத் தகுந்த இடம் எது என்று ஒருவர் கேட்டால், முதலில் ராணிகேத்தையே சொல்லுவோம். 1869-ல் கன்டோன்மென்டாக அமைந்த ஊர். குமாவூன் ரெஜிமென்டின் தலைமையகம். டில்லியிலிருந்து இரவு ரயிலில் காத்கோதாம் சென்று இறங்கினால், அதற்கு மேல் இருப்புப்பாதை கிடையாது. அங்கிருந்து பவாலி வழியாக மலைப்பாதையில் சுமார் 80 கிலோமீட்டர். ஊரிலிருந்து அல்மோரா செல்லும் சாலையில் 5 கிலோமீட்டர் போனால் உபட் என்னுமிடத்தில் ஒன்பது குழி மைதானம் ஒன்று இருக்கிறது. சாலையின் திருப்பத்தில் திடீரென்று தென்படும். ஏறக்குறைய ஆறாயிரம் அடி உயரத்தில், பைன் மரங்களும் தேவதாருவும் சூழ, அலையலையாய் இறங்கும் புல். வானம் தெளிந்திருந்தால் வடக்கே திரிசூலமும், அதற்குப் பின்னே 7,816 மீட்டர் உயரமுள்ள நந்தாதேவியும் தெரியும். நாம் சென்றது நவம்பர் மாதத்துக் காலை. பந்தை அடித்தவர் பந்தைப் பார்க்கவில்லை. சிகரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆட்டத்தில் அவர் தோற்றிருப்பார் என்றே நினைக்கிறோம்.

ஆயினும் ராணிகேத்துக்குப் போகிறவர், அந்த ரெஜிமென்டின் கதையையும் சிறிது அறிந்து போவது நலம். சுதந்திர பாரதத்தின் முதல் பரமவீர சக்கரத்தைப் பெற்ற மேஜர் சோமநாத் சர்மா, 1947 நவம்பர் 3-ஆம் தேதி காஷ்மீரத்துப் பட்காமில் வீழ்ந்தவர். குமாவூன் படையைச் சேர்ந்தவர். 1962 நவம்பர் 18-ல் ரேசாங் லாவில் உறைபனியில் நின்று போரிட்டு மாண்ட மேஜர் சைத்தான் சிங்கும் அப்படையினரே.

மத்தியப் பிரதேசத்து மௌவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். இந்தூருக்கு அருகிலுள்ள பழைய பாசறை; ராணுவக் கல்லூரிகள் நிறைந்த ஊர். படையில் சுபேதாராயிருந்த ராம்ஜியின் மகனாக டாக்டர் அம்பேத்கர் 1891-ல் பிறந்தது இங்கேதான்; ஊருக்கு இப்பொழுது அவர் பெயரே இடப்பட்டிருக்கிறது. கோல்ப் உலகில் இவ்வூரை அறியச் செய்தவர் முகேஷ் குமார். 2016-ல், தமது 51-ஆம் வயதில், டில்லியில் நடந்த பானசோனிக் பந்தயத்தில் ஆசிய ஆட்டக்காரர்களை வென்றார். மற்றவர் ஓய்வை எண்ணும் வயதில் அவருக்கு முதல் ஆசிய வெற்றி கிட்டிற்று.

செகந்திராபாத்தையும் காம்ப்டியையும் தமிழர் தனிக் கண்ணோடு பார்க்க வேண்டும். சென்னைப் பட்டாளம் சென்ற வழியெல்லாம் அதன் பின்னே கணக்கரும், தரகரும், மளிகை வியாபாரியும், வண்ணாரும், சமையற்காரருமாகத் தமிழ்க் குடும்பங்கள் சென்று தங்கின. அவ்வூர்ப் பழைய தமிழ்க் குடும்பங்களைக் கேட்டால், பூட்டனார் பட்டாளத்தோடு வந்த கதையைச் சொல்லுவார்கள். மதிலுக்கு அப்பாலுள்ள புல்வெளிக்கு நம்மவர் அத்தனை அந்நியரல்லர்.

இனி, இனிப்பாக மட்டும் பேசிவிட்டுப் போவது முறையன்று. 2011-ஆம் ஆண்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கை, நாடெங்கும் ராணுவ நிலத்தில் 97 கோல்ப் மைதானங்கள் நடப்பதாகவும், அவை 8,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் பரவியிருப்பதாகவும் கணக்குக் காட்டிற்று. அனுமதி பெற்ற விளையாட்டு அன்று, வசூலாகும் கட்டணம் அரசாங்கக் கணக்கில் சேர்வதில்லை என்பன அதன் ஆட்சேபங்கள். இம்மைதானங்களுள் பல, சுற்றுச்சூழல் பூங்கா என்றும் பயிற்சித் திடல் என்றும் பெயர்ப்பலகை தாங்கி நிற்பதை நாமே கண்டிருக்கிறோம். சொற்களோடு வாழ்கிற நமக்கு இந்தப் பெயர்மாற்றம் புன்னகையை வரவழைக்கிறது. ஆனால் பலகை முற்றும் பொய்யென்றும் சொல்ல மாட்டோம். டில்லியில் தௌலா குவானுக்கு அருகே ராணுவ மைதானம் ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றி நகரம் எப்படிக் கட்டடமாக இறுகிவிட்டது என்பதைப் பார்க்கிறவருக்கு, ஆள்காட்டிக் குருவி தரையில் முட்டையிட அங்கே இன்னும் இடமிருக்கிறது என்பது சிறிய செய்தியாகத் தோன்றாது. நிலம் பொதுமக்களுடையது, மரம் அவர்களுக்கும் நிழல் தர வேண்டும். வாரத்தில் ஒரு காலையேனும் பள்ளிப் பிள்ளைகளை உள்ளே விட்டால் என்ன நஷ்டம் வந்துவிடும் என்பது நமது கேள்வி.

கேள்விக்கு வேறொரு பக்கமும் உண்டு. அதை நமக்குக் காட்டியவர் நம் மனைவியின் தமையனார். மதராஸ் ரெஜிமென்டில் சேவை புரிந்து நாயிப் சுபேதாராக ஓய்வு பெற்றவர். இரண்டாண்டுகளுக்கு முன்பு, விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது, அவரையும் அழைத்துக்கொண்டு நீலகிரிக்குப் போனோம். குன்னூரில் மலை ரயில் ஏறினால் அடுத்த நிலையம் வெலிங்டன். 1758-ல் தோன்றிய மதராஸ் ரெஜிமென்டின் பயிற்சி நிலையம் அங்கே இருக்கிறது. குவெட்டாவிலிருந்த ராணுவ அதிகாரிகள் கல்லூரியின் இந்தியப் பகுதி, பிரிவினையின்போது, 1947-ல் வந்து சேர்ந்ததும் அங்கேதான். ஜிம்கானா சங்கத்தின் கோல்ப் மைதானம், சுற்றிலும் தேயிலைச் சரிவும் யூகலிப்டஸும் சூழ்ந்தது. விடியலில் காட்டெருமைகள் வந்து மேயும். ஆடுவோர் ஒதுங்கி நின்று அவை போகும்வரை காத்திருப்பர்.

அங்குள்ள தெரிந்தவர் ஒருவர் முறைப்படி அனுமதி வாங்கித் தந்திருந்தார். நாம் உள்ளே நடந்தோம். மைத்துனர் வேலியோடு நின்றுவிட்டார்.

"வாருங்கள் மச்சான்" என்றோம்.

"நீங்கள் போய்ப் பாருங்கள் மாப்பிள்ளை. எனக்குக் கால் வரவில்லை" என்றார்.

பிறகுதான் விஷயம் வெளிவந்தது. வடக்கே ஒரு பாசறையில், சிப்பாயாக இருந்த காலத்தில், இரண்டு கோடை முழுவதும் அவருக்கு மைதானத்து வேலை. புல் வெட்டுவதும், உருளை இழுப்பதும், புதரில் பந்து தேடுவதும். துப்பாக்கி பிடிக்கச் சேர்ந்தவன் அரிவாள் பிடித்தேன் என்று வீட்டுக்கு எழுத வெட்கப்பட்டு, எல்லையில் காவல் என்று எழுதினாராம். நம் மனைவி அக்கடிதங்களை அண்டை வீடுகளுக்கெல்லாம் படித்துக் காட்டியவள். அவளும் அன்று பக்கத்தில்தான் நின்றாள். ஒன்றும் பேசவில்லை.

அவ்வேளையில் முதியவர் ஒருவர், ஓய்வுபெற்ற அதிகாரி போலும், அவ்வழியே ஆடிக்கொண்டு வந்தார். மைத்துனர் நின்ற நிலையைப் பார்த்தே அடையாளம் கண்டு, எந்தப் படை என்று விசாரித்தார். மதராஸ் என்றதும், 'வீர மதராஸி' என்று புன்னகையோடு தொடங்கினார். 'அடி கொல்லு, அடி கொல்லு' என்று இவர் தம்மையறியாமல் முடித்தார். முதியவர் கையசைத்து உள்ளே அழைக்கவே, மறுக்க முடியாமல் வந்தார். கிரீனில் பந்துக்கும் குழிக்கும் இடையே பத்தடி இருக்கும். முதியவர் குனிந்து நோக்குகையில், மைத்துனர் தாழ்ந்த குரலில், "இடப்பக்கம் ஒரு சாண் தள்ளி அடியுங்கள் ஐயா, புல் இந்தப்புறம் படுத்திருக்கிறது" என்றார். முதியவர் அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு அப்படியே அடித்தார். பந்து வளைந்து சென்று குழியில் விழுந்தது. அடுத்த இரண்டு குழிகளுக்கும் இருவரும் சேர்ந்தே நடந்தார்கள். புல்லைப் பற்றியே பேசிக்கொண்டு போனார்கள். நாங்கள் பின்னால் சென்றோம்.

போக விரும்பும் நேயர்களுக்குச் சில குறிப்புகள். முன்னதாக அனுமதி கேட்காமல் பாசறை வாயிலுக்குச் செல்ல வேண்டா. புகைப்பட அடையாளச் சீட்டு ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். படமெடுக்கலாமா என்று காவலரைக் கேட்டுவிட்டே எடுக்க வேண்டும். ராணிகேத்துக்கு அக்டோபரும் நவம்பரும் உகந்தவை. ஆடி ஆவணியில் மேகம் மூடி, சிகரமும் தெரியாது, பாதையும் சரியும். வெலிங்டனுக்கு மலை ரயிலில் முன்பதிவு அவசியம். காலை ஏழு மணிக்கு முன் சென்றால் காட்டெருமைகளைக் காணலாம். வேலியைத் தாண்டி அவற்றின் அருகே போக வேண்டா.