வீங்கின குடல் ஏன் வேலைநிறுத்தம் செய்கிறது?

வயித்துல பெரிய ஆபரேஷன் முடிஞ்சவங்ககிட்ட டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது தவறாம கேக்குற கேள்வி, "காத்து பிரிஞ்சுதா?" கேக்க சிரிப்பா இருக்கும். ஆனா அவர் விசாரிக்கிறது, குடல் மறுபடி அசைய ஆரம்பிச்சிருச்சாங்கிறதைத்தான். அசையலன்னா வயிறு உப்பும், வாந்தி வரும், சாப்பாடு இறங்காது. இதுக்குப் பேர் இலியஸ்.

இதுக்குக் காரணங்கள் பல. அதுல ஒண்ணு, குடல் சுவர்ல நீர் கோத்துக்கிறது. விபத்துல நிறைய ரத்தம் போனவரைக் காப்பாத்த லிட்டர் கணக்குல சலைன் ஏத்த வேண்டி வரலாம். அது முழுசும் ரத்தக்குழாய்க்குள்ளயே தங்காது. 1896-ல ஸ்டார்லிங் விளக்கின கணக்குதான்: உள்ளேயிருந்து தள்ளுற அழுத்தம் கூடும், நீரை இழுத்துப் பிடிக்கிற ரத்தப் புரதம் நீர்த்துப்போகும். நீர் கசிஞ்சு திசுக்குள்ள இறங்கும்.

சரி, வீங்கின குடல் கனமாயிடுது, அதான் அசையலன்னு நினைக்கத் தோணும். விஷயம் அதோட முடியல. அமெரிக்காவுல ஹூஸ்டன்ல காரென் உரே, சார்லஸ் காக்ஸ் குழுவினர் எலிகளை வச்சு இதை ஆராய்ந்தார்கள். வீக்கம் தசைச் செல்களை இழுக்குது. செல் அந்த இழுவையை ஒரு சிக்னலா எடுத்துக்குது. உள்ளே ஸ்டாட்-3 என்ற புரதம் முடுக்கிவிடப்படுது. குடல் தசை சுருங்கணும்னா மயோசின் லைட் செயின்ல பாஸ்பேட் ஒட்டணும். வீங்கின குடல்ல அது குறைஞ்சிடுது. சுருங்குற வலுவும் குறையுது.

நம்ம ஃபீல்டு பாஷையில சொன்னா, இது ஹார்டுவேர் உடைஞ்ச கதை மட்டும் இல்லை. சென்சார்ல வந்த இன்புட்டைப் பார்த்து, சாஃப்ட்வேரே வேகத்தைக் குறைச்சிடுது.

இதுல சிக்கல் என்னன்னா, உயிரைக் காப்பாத்துற அதே சலைன்தான் குடலையும் முடக்குது. எலிகள்ல, உப்பு அடர்த்தி கூடின சலைன் கொடுத்தப்போ வீக்கம் குறைஞ்சு, குடல் வேலையும் மேம்பட்டது. இன்னைக்கு விபத்து சிகிச்சையில சலைனை அளவா வச்சுக்கிட்டு, ரத்தமும் பிளாஸ்மாவும் சீக்கிரமே ஏத்துற முறைக்கு மாறியிருக்காங்க. அதுக்குக் குடல் வீக்கமும் ஒரு காரணம்.

அதனால வார்டுல டாக்டர் "இன்னும் வாய்வழியா எதுவும் வேண்டாம்"னு சொன்னா, பாசத்துல யாருக்கும் தெரியாம ரெண்டு இட்லி ஊட்டிடாதீங்க. வயிறு காலியா இருக்கலாம். குடல் இன்னும் தயாராகலை.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.