மூச்சூட்டியும் மூச்சுத்தாங்கியும்



சுங்கை சிப்புட் அருகே, இன்று செம்பனை நிற்கும் நிலத்தில், ஒருகாலத்தில் பால்மரம் சீவிய மூதாட்டி ஒருவர் எனக்கு உறவினர். இருபத்தெட்டாம் வாரத்திலேயே பிறந்த அவருடைய பேரன் ஈப்போவில் தீவிரக் கண்காணிப்பில் இருந்தபோது, ஒருநாள் அழுதுகொண்டே என்னிடம் கூறினார்: “வேற மிஷினுக்கு மாத்திட்டாங்க தம்பி.” பிள்ளை கைவிட்டுப் போகிறது என்றே அவர் எண்ணினார். உண்மையில் பிள்ளை தேறியிருந்தது. மலாயில் ‘மெசின்’, தமிழில் ‘மிஷின்’; இரண்டு கருவிக்கும் அவர் செவியில் விழுந்தது ஒரே சொல். நம் ஏடுகளும் ‘சுவாசக் கருவி’ என்று பொதுவாக எழுதிவிடுகின்றன.

குறைமாதக் குழந்தையின் நுரையீரலில், காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் படலம் போதிய அளவு சுரந்திராது. வென்டிலேட்டர், மூச்சுக்குழலுள் செருகிய குழாய்வழியே காற்றைத் தள்ளுகிறது. 1971இல் ஜார்ஜ் கிரெகரி குழுவினர் வெளியிட்ட சீபேப் முறை வேறு. அதில் குழந்தை தானே மூச்சு விடுகிறது. இடையறாத அழுத்தம் காற்றறைகளை விரித்து வைக்கிறது, அவ்வளவே. இன்று அவ்வழுத்தம் பெரும்பாலும் மூக்கின் வழியே தரப்படுகிறது. அதன் எளிய வடிவில், காற்று வெளியேறும் குழாயின் நுனியை நீரில் ஐந்து சென்டிமீட்டர் அமிழ்த்துவர். அந்த ஆழமே அழுத்தத்தின் அளவு. நீர் ஓயாது குமிழியிடும். மூன்றாவது கருவி, சூடும் ஈரமும் ஏற்றிய காற்றை மெல்லிய மூக்குக்குழாய்களில் விரைந்து செலுத்துவது.

எது மேல்? 25 முதல் 28 வாரத்தில் பிறந்த 610 குழந்தைகளைக் கொண்டு நடந்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. பிறந்தவுடன் சீபேப் பெற்றோருக்கும் குழாய் செருகப்பட்டோருக்கும் இடையே, இறப்பும் நாட்பட்ட நுரையீரல் நோயும் சேர்ந்த கணக்கில் உறுதியான வேறுபாடு தெரியவில்லை. ஆனால் நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிந்தது முன்னவரில் 9 விழுக்காட்டினருக்கு, பின்னவரில் 3 விழுக்காட்டினருக்கு. 2016இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில் விரைகாற்று முறை 25.5 விழுக்காட்டினருக்குப் போதவில்லை. சீபேப் போதாதவர் 13.3 விழுக்காட்டினரே. மூக்கிற்கு இதமானது என்பதால் அது மேலானது ஆகிவிடாது.

தேர்வு மருத்துவருடையது, சொல் நம்முடையது. ‘உண்’ தன்வினை, ‘ஊட்டு’ பிறவினை. குழந்தைக்காகக் காற்றைத் தள்ளுவதை ‘மூச்சூட்டி’ எனலாம். சீபேப்பை ‘மூச்சுத்தாங்கி’ எனலாம். சுமைதாங்கிக் கல் வழிநடப்பதில்லை, நடப்பவன் சுமப்பவனே. மூன்றாவதற்கு ‘விரைகாற்றுக்குழல்’ என்பது சற்று முரட்டுச் சொல்தான். மாணவர்கள் நல்லது கண்டால் எழுதுங்கள்.

அன்று மூதாட்டியிடம் சுமைதாங்கியைச் சொல்லித்தான் விளக்கினேன். சற்றுநேரம் பேசாமல் இருந்தார்.

“அப்ப மூச்சு விடுறது புள்ளதானா?”

“ஆமாம், பிள்ளைதான்” என்றேன்.