பெயரையும் எழுதி வையுங்கள்
(அலுவிகாரையில் தோட்டக் குடும்பங்களுக்கு ஆற்றிய உரை)



"தோட்டத்துல படம் எடுக்க என்னங்க இருக்கு?" என்று நம்மில் பலர் கேட்கிறோம். கல்யாணம், சடங்கு, திருவிழா என்றால் படம் எடுக்கிறோம். லயத்து வாசலும் அடுப்படியும் படத்துக்கு ஏற்றவை என்று நமக்குத் தோன்றுவதில்லை.

ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற அம்மையாரைப் பற்றிச் சொல்கிறோம், கேளுங்கள். 1863 டிசம்பரில், 48 வயதில்தான் அவர் கைக்கு கெமரா வந்தது. மகளும் மருமகனும் கொடுத்த பரிசு. கண்ணாடி போட்ட கோழிக்கூண்டுதான் அவருடைய படப்பிடிப்பு அறை. நிலக்கரி போடும் அறைதான் இருட்டறை. வீட்டு வேலைக்காரப் பெண்ணையும் அயல் வீட்டுப் பிள்ளைகளையும் அவர் எடுத்த படங்களும் உலகப் புகழ் பெற்றன.

குடும்பத்துக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தவர், களுத்துறை மக்களையும் தோட்டத் தொழிலாளரையும் படம் எடுத்தார். 1879இல் டிக்கோயாவில் காலமானார். பொகவந்தலாவை தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

அந்தப் படங்கள் சில இன்று வெளிநாட்டு நூதனசாலைகளில் இருக்கின்றன. முகம் தெளிவாக இருக்கிறது. ஆனால் "இலங்கைப் பெண்", "களுத்துறைக் குடியானவர்கள்" என்கிற மாதிரித்தான் தலைப்பு. பெயர் இல்லை. யாரோ ஒருவருடைய பாட்டியின் பாட்டி அவர். எந்தக் குடும்பம் என்று இனி யார் சொல்லப் போகிறார்கள்?

ஆகவே நம்ம படத்தை நாமே எடுப்போம். பெரிய கெமரா வேண்டாம், கைபேசி போதும். உச்சி வெயிலில் எடுத்தால் கண்ணுக்குக் கீழே நிழல் விழும். பிரட்டுக்குப் போகும் முன் வருகிற காலை வெளிச்சம் நல்லது. வீட்டுக்குள் என்றால் ஆளைச் சன்னல் பக்கம் திருப்பி உட்கார வையுங்கள். தூர நிற்காமல் கிட்டப் போங்கள். கொழுந்து கிள்ளிக் கறை பிடித்த அம்மாவின் விரல், தேய்ந்துபோன கவ்வாத்துக் கத்தி, இஸ்தோப்பில் பாடம் படிக்கிற பிள்ளை, இவையெல்லாம் படம்தான். யாரை எடுத்தாலும் முதலில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எடுத்த பிறகு ஒரு வேலை இருக்கிறது. நல்ல படங்களைக் கடையில் கழுவி எடுங்கள். பின்பக்கத்தில் பெயர், தோட்டம், டிவிஷன், வருடம் எழுதுங்கள்.

வாய்வழியாகச் சொல்லிவந்த புத்த போதனைகள் அழிந்துபோகக் கூடாதென்று, கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில் ஓலையில் எழுதிவைத்த இடம் இந்த அலுவிகாரை என்பார்கள். எழுதி வைத்ததால்தான் நின்றது. நம்ம வீட்டுப் பெரியவர்களின் பெயரும் அப்படியே நிற்கட்டும்.