பூட்டு ஊரறியலாம், சாவி ஊரறியக்கூடாது



மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சிதறால் மலையில் ஏறியவர்கள், பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் சிற்பங்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கே வட்டெழுத்துக் கல்வெட்டும் உண்டு. 9-ஆம் நூற்றாண்டில், ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில், குணந்தாங்கிக் குரத்திகள் என்ற சமணப் பெண் துறவி மலைக்கோயிலுக்குப் பொன்னணி கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. நம்மில் பலருக்கு அது வெறும் கோடும் வளைவும்தான். வட்டெழுத்துப் பயின்றவரோ நின்றபடியே வாசித்துவிடுவார். நமக்குப் புரியாததெல்லாம் ரகசியம் ஆகிவிடாது.

மறைப்பதற்கென்றே ஒரு எழுத்துமுறையும் பழைய திருவிதாங்கூரில் இருந்தது. அதன் பெயர் மூலபத்ரி. எழுத்துகளை இணை இணையாக மாற்றிப் போடுவார்கள். 'த' வரவேண்டிய இடத்தில் 'ப' வரும். 'ந' வரவேண்டிய இடத்தில் 'ம' வரும். மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்து அரசியல் செய்திகள் இப்படிப் போனதாகச் சொல்வார்கள். ஆனால் மாற்று அட்டவணை ஒன்றுதான். அது எதிராளிக்குத் தெரிந்த அன்றே எல்லா ஓலையும் வெளிச்சம்.

1883-இல் அகுஸ்த் கெர்க்ஹாஃப்ஸ் என்ற அறிஞர் இதற்கு ஒரு விதி சொன்னார்: மறைக்கும் முறை பகைவன் கைக்குப் போனாலும் பாதகம் வரக்கூடாது, சாவி மட்டும் ரகசியமாக இருந்தால் போதும். இன்றைய குறியாக்க மென்பொருள்கள் அந்த விதிப்படிதான் நடக்கின்றன.

நாம் என்ன செய்கிறோம்? ஏடிஎம் எண்ணை 'மணி மாமா' என்ற பெயரில் போன் நம்பராகப் பதிந்து வைக்கிறோம். பாஸ்வேர்டைத் திருப்பி எழுதி டைரியில் வைக்கிறோம். இதுவும் மூலபத்ரிதான். போனைத் திருடியவன் முதலில் தேடுவதே இந்த மாமாவைத்தான்.

கீபாஸ் போன்ற இலவச மென்பொருள் உங்கள் பாஸ்வேர்டுகளையும் குறிப்புகளையும் ஒரே கோப்பில் போட்டுக் குறியாக்கம் செய்கிறது. அதில் உள்ள ஏஇஎஸ் என்ற குறியாக்க முறையை 2001-இல் அமெரிக்க அரசு தரமாக வெளியிட்டது. அந்த முறையை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆனால் 256 பிட் சாவியில் இருக்கக்கூடிய வகைகளின் எண்ணிக்கை 78 இலக்கங்கள் கொண்ட ஓர் எண். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் திறக்க எந்தக் கணினிக்கும் ஆயுசு போதாது.

அதனால் திருடன் சாவியோடு மல்லுக்கட்ட மாட்டான். அந்தக் கோப்பைத் திறக்க நீங்கள் வைத்த முதன்மைக் கடவுச்சொல்லைத்தான் ஊகிப்பான். பிள்ளையின் பெயரும் பிறந்த வருடமும் சேர்த்து வைத்தால் ஏஇஎஸ் இருந்தும் பயனில்லை. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்தாறு சொற்களைச் சேர்த்து நீளமாக வையுங்கள். பழமொழியும் பாட்டு வரியும் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. முதன்மைக் கடவுச்சொல் மறந்தால், மென்பொருளை எழுதியவராலும் திறந்து தர முடியாது. அதை ஒரு தாளில் எழுதி, ஆதாரப் பத்திரங்களோடு வீட்டுப் பீரோவில் பூட்டி வையுங்கள். அந்தக் கோப்புக்கு ஒரு நகலைப் பென்டிரைவில் எடுத்து வைப்பதும் அவசியம். வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள், ஊரில் நம்பிக்கையான ஒருவருக்குத் தாள் இருக்கும் இடத்தைச் சொல்லி வைப்பது நல்லது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். இந்த வாரம் வங்கிக் கணக்கு, மின்னஞ்சல் இரண்டின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். கூடவே, போனில் இருக்கும் அந்த மணி மாமாவையும் அழித்துவிடுங்கள்.