அடிக்கிற உரிமையை யார் கொடுத்தது?



குடும்ப நலக் கூட்டம் என்றால் பெண்களுக்கு மட்டும் என்று நினைத்து, ஆண்கள் டீக்கடைப் பக்கம் ஒதுங்கிவிடுவது வழக்கம். இந்த உரை இருவருக்கும்தான். சொல்லப்போனால் ஆண்களுக்குக் கொஞ்சம் அதிகமாகவே. இதைப் படிக்கிறவர்களும் வீட்டில் இருவருமாக உட்கார்ந்து, ஒருவர் படிக்க ஒருவர் கேட்கும்படி படியுங்கள்.

கர்ப்பம் தரித்ததும் நர்ஸம்மாவிடம் பதிவு செய்கிறீர்கள். அரசாங்கம் நிதியுதவி கொடுக்கிறது. அதன் பெயர் என்ன? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். "பணம் பேங்க்கில் ஏறிடுச்சா?" என்று கேட்காத வீடு இல்லை. "அந்த அம்மா யாரு?" என்று கேட்டவர் குறைவு. அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள். 1954-இல் அந்த ஆஸ்பத்திரியைத் தொடங்கியவரும் அவர்தான்.

1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். பெண்பிள்ளை படிப்பதே பெரிய விஷயம் என்ற காலத்தில், ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரியில் இடம் வாங்கிப் படித்தார். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு கல்யாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளை சுந்தர ரெட்டியும் டாக்டர். கல்யாணம் என்றால் மாப்பிள்ளை வீட்டார் நிபந்தனை போடுவதைத்தானே நாம் பார்த்திருக்கிறோம்? இத்தனை பவுன், இன்ன பாத்திரம், இன்ன வண்டி! இங்கே பெண் நிபந்தனை போட்டார். தன்னைச் சமமாக மதிக்க வேண்டும், தன் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்பதுதான் அது. மாப்பிள்ளை ஒத்துக்கொண்டார். 1914-இல் கல்யாணம் நடந்தது.

அதனால் அந்தக் குடும்பம் கெட்டுப்போகவில்லை. பிள்ளைகளும் பிறந்தார்கள், இருவரும் வைத்தியமும் பார்த்தார்கள். அந்த அம்மா சட்டசபையில் உட்கார்ந்து, சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். படித்த பெரிய மனிதர்களே எதிர்த்தார்கள். போக்கிடம் இல்லாத பெண்களுக்காக 1930-இல் அவ்வை இல்லம் ஆரம்பித்தார். அது இன்றைக்கும் அடையாறில் இருக்கிறது.

அதே 1886-இல் சென்னை மயிலாப்பூரில் இன்னொரு பெண்குழந்தை பிறந்தது. பெயர் சுப்புலட்சுமி. பதினோரு வயது வாக்கில் கல்யாணம் செய்து கொடுத்தார்கள். கொஞ்ச காலத்திலேயே புருஷன் இறந்துவிட்டார். தலையை மழித்து மூலையில் உட்கார வைப்பது அந்தக் காலத்து வழக்கம். அவருடைய தகப்பனார் அதைச் செய்யாமல் மகளைப் படிக்க வைத்தார். 1911-இல் அந்தப் பெண் பி.ஏ. தேறினார். பிறகு கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டிடத்தில் இளம் விதவைகளைச் சேர்த்துப் படிக்க வைத்தார். எத்தனையோ பேர் டீச்சராகி வெளியே வந்தார்கள். சகோதரி சுப்புலட்சுமி என்றே ஊரார் அவரை அழைத்தார்கள்.

அந்தக் கணவரையும் அந்தத் தகப்பனாரையும் பாருங்கள். பெண்டாட்டியை அடக்கி வை, மகளை மழித்து உட்கார வை என்று ஊரும் உறவும் அவர்கள் கையில் அதிகாரம் கொடுத்தன. இருவரும் அந்த அதிகாரத்தை எடுத்துக்கொள்ளவில்லை. ஆண்பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம்.

மனைவியை அடிக்கிறவரிடம் தனியாகப் பேசினால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "கோபம் வந்தா என்ன செய்யறேன்னே தெரியல." அப்படியா? தாலுகா ஆபீசில் நாலு தடவை அலைய விட்டபோதும் கோபம் வந்ததே, அங்கே கை நீண்டதா? வட்டிக்காரர் வாசலில் நின்று கத்தினாரே, அவர் கன்னத்தில் விழுந்ததா? குடித்துவிட்டு வருகிறவரையே எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் இன்ஸ்பெக்டரைப் பார்த்தால் வேட்டியை இறக்கி விட்டு ஒதுங்கிப் போகிறார். வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் நிதானம் தவறுகிறது. யாரை அடிக்கலாம், யாரை அடிக்கக் கூடாது என்று போதையிலும் நன்றாகத் தெரிகிறது. சாராயம் அடியைப் பலமாக்கும், அடிக்கடி ஆக்கும். ஆனால் 'இவளை அடிக்கலாம்' என்ற எண்ணம் பாட்டிலில் இருந்து வந்ததில்லை. குடிக்காமலே அடிக்கிறவர்களும் இருக்கிறார்களே!

'இவள் என்னுடையவள்' என்ற எண்ணத்திலிருந்து அது வருகிறது. வரதட்சணை விஷயத்தில் இது இன்னும் வேடிக்கை. தி.நகருக்குப் போய் நகையும் பட்டும் எடுத்து, பெண்ணோடு சேர்த்துக் கொடுத்து அனுப்புகிறார்கள். கணக்குப்படி பார்த்தால் விலைக்குப் போனவர் மாப்பிள்ளை. ஆனால் உடைமை என்று அவர் நினைப்பது பெண்ணை! வரதட்சணை வாங்குவதும் கொடுப்பதும் 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சீர்வரிசை என்று பெயர் மாற்றினாலும் குற்றம் குற்றமே.

இது ஏதோ ஒரு சில வீட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு சுமார் 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். இந்தியா முழுவதற்குமான கணக்கு நூற்றுக்கு 29. படிப்பிலும் பிரசவ வசதியிலும் முன்னால் நிற்கிற நம் மாநிலம் இதில் இப்படி. பட்டணத்திலும் இதே கதைதான். அடையாறிலும் மயிலாப்பூரிலும் மாடி வீட்டில், கார் நிற்கிற வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு அடிக்கிறவர்கள் உண்டு. நம் ஊரில் கூரை வீட்டுச் சத்தம் தெருவுக்குக் கேட்கிறது. அங்கே கேட்பதில்லை, அவ்வளவுதான்.

உடம்புக்கு என்ன ஆகிறது என்று சுகாதாரத் துறையில் நாங்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். "ஒரே ஒரு அறை" என்கிறார்கள். காதோடு சேர்த்து விழுந்த ஓர் அறையில் செவிப்பறை கிழியும். தலையைச் சுவரில் மோதினால், வெளியே காயம் இல்லாமலே உள்ளே ரத்தம் கசியலாம். கழுத்தை நெரித்தால் தோலில் தடம்கூடத் தெரியாது. ஆனால் சில நிமிடங்களில் உயிர் போகலாம், அல்லது இரண்டு நாள் கழித்து ஆபத்து வரலாம். கழுத்தில் கை வைத்தவன் அடுத்த முறை கொலை வரைக்கும் போகக்கூடும். இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அம்மா. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கர்ப்பிணியின் வயிற்றில் உதைத்தால் நஞ்சு கர்ப்பப்பையை விட்டுப் பிரிந்துவிடும். ரத்தப்போக்கு உண்டாகும். குழந்தையும் போகும், தாயும் போவாள். மாதம் முந்திப் பிறப்பதற்கும், எடை குறைந்து பிறப்பதற்கும் இந்த அடியும் ஒரு காரணம். இரும்புச்சத்து மாத்திரை, தடுப்பூசி, ஸ்கேன் எல்லாம் ஒழுங்காகக் கொடுத்துவிட்டு, வீட்டில் உதை விழுந்தால் நாங்கள் என்ன செய்ய முடியும்?

பெண்குழந்தை பிறந்ததற்காக மனைவியை அடிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு விஷயம். தாயின் கருமுட்டையில் எப்போதும் எக்ஸ் என்ற ஒரே வகைதான் உண்டு. தகப்பனின் விந்தணுவில்தான் எக்ஸ், ஒய் என்று இரண்டு வகை. எக்ஸ் சேர்ந்தால் பெண், ஒய் சேர்ந்தால் ஆண். பெண் பிறந்ததற்குப் 'பொறுப்பு' என்று ஒன்று இருந்தால் அது யாருடையது என்று நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கூட்டத்தில் பேசக் கூச்சமான விஷயம், அதனால்தான் யாரும் பேசுவதில்லை. தாலி கட்டியாகிவிட்டது, ஆகவே நான் கூப்பிட்டபோது வர வேண்டும் என்ற நினைப்பு. பிரசவமாகித் தையல்கூட ஆறவில்லை, அவள் வேண்டாம் என்கிறாள், அப்போதும் விடுவதில்லை. இதுவும் வன்முறைதான். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாலியல் கொடுமையையும் வன்முறை என்றே எழுதியிருக்கிறது. புருஷனுக்குப் பயந்து, அவருக்குத் தெரியாமல் காப்பர்-டி போட்டுக்கொள்ள வருகிற பெண்களும் உண்டு. கருத்தடை என்றால் அவள் வேலை! இந்தியாவில் மணமான தம்பதிகளில், பெண் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டது நூற்றுக்கு 38, ஆண் செய்துகொண்டது நூற்றுக்கு அரைகூட இல்லை என்று அதே ஆய்வு சொல்கிறது. ஆணுக்கான தழும்பில்லா வாசெக்டமி சில நிமிட வேலை. வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை, அன்றைக்கே வீட்டுக்கு நடந்து போகலாம். ஆண்மை குறையாது, பலம் குறையாது. மூன்று மாதத்துக்கு மட்டும் ஆணுறை போட்டுக்கொள்ள வேண்டும். "ஆம்பளைக்கு எதுக்கு ஆபரேஷன்" என்று கேட்கிறவர், நாலு பிள்ளை பெற்றவளுக்கு எதற்கு என்று கேட்பதில்லை.

வீட்டில் நடப்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 2022 அக்டோபரில் சென்னை பரங்கிமலை ரயில் நிலையத்தில் ஒரு கல்லூரி மாணவியை, பின்னால் சுற்றிக்கொண்டிருந்த இளைஞன் ஓடும் ரயில் முன்னால் தள்ளிக் கொன்றான். அவள் அவனை வேண்டாம் என்றாள், அதுதான் காரணம். 2016-இல் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டாள். 2018-இல் கே.கே. நகரில் கல்லூரி வாசலிலேயே ஒரு மாணவியைக் கொன்றார்கள். ஒவ்வொரு தடவையும் டி.வி.யில் பார்த்து "ஐயோ பாவம்" என்றோம். பெண் 'மாட்டேன்' என்று சொன்னால் அது அவமானம் என்று ஒரு பையனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? எந்தப் பள்ளிக்கூடத்திலும் அந்தப் பாடம் இல்லை. அப்பா சாப்பாட்டுத் தட்டை வீசி எறிகிறார், அம்மா வாய் பேசாமல் பொறுக்கி எடுக்கிறாள். அதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கிற ஆறு வயதுப் பையன் என்ன கற்றுக்கொள்வான்? தங்கச்சி எதிர்த்துப் பேசினால் "அண்ணன் அடிச்சா என்ன, வாங்கிக்கோ" என்று பாட்டியே சொல்கிறாள். மாமியார்மார்களும் இதில் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பெரியவர்கள் பஞ்சாயத்து பேசும் விதமும் சரியில்லை. அடிபட்டு வந்த பெண்ணிடம் முதல் கேள்வியே "நீ என்ன செஞ்சே?" என்பதுதான். "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று ஒரு பழமொழி வேறு! புத்தி சொல்லி அன்றைக்கு ராத்திரியே அனுப்பி வைக்கிறார்கள். அப்படி அனுப்பப்பட்டவர்களில் சிலர் தீக்காயத்தோடு கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியில் வந்து படுக்கிறார்கள். கேட்டால் "அடுப்பு பத்திக்கிச்சு" என்பார்கள். பக்கத்தில் புருஷன் நிற்கும்போது வேறு என்ன சொல்வார்கள்? மகள் திரும்பி வந்தால் ஊர் என்ன சொல்லும் என்று பார்க்காதீர்கள். உள்ளே கூப்பிட்டு முதலில் சாப்பாடு போடுங்கள். பக்கத்து வீட்டுச் சத்தம் கேட்டால், தீப்பெட்டி கேட்கிற மாதிரியாவது போய்க் கதவைத் தட்டுங்கள்.

தாய்மார்களே, உங்களுக்கு உள்ள வழிகளைச் சொல்கிறேன். எந்த நேரமும் 181 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம், கட்டணம் கிடையாது. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருக்கிறார். அவரிடம் சொன்னால் எழுதிக்கொண்டு மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு அனுப்புவார். அடிக்கக் கூடாது என்றும், செலவுக்குப் பணம் கொடு என்றும் கோர்ட் உத்தரவு போடும். வீடு புருஷன் பெயரில் இருந்தாலும், மாமனார் பெயரில் இருந்தாலும், நீங்கள் குடியிருந்த வீட்டிலிருந்து உங்களைச் சும்மா வெளியே தள்ள முடியாது. ஜெயிலுக்கு அனுப்ப வேண்டாம், அடி நின்றால் போதும் என்று நினைக்கிறவர்களுக்கு இந்த வழி பொருந்தும். போலீஸ் வழக்கும் போடலாம். 1983-இல் வந்த 498-ஏ பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 85-ஆம் பிரிவாக இருக்கிறது. மூன்று வருஷம் வரை தண்டனை உண்டு. மகளிர் காவல் நிலையத்தில் பெண் போலீஸிடமே சொல்லலாம். நம் மாநிலத்தின் முதல் மகளிர் காவல் நிலையம் 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கியது. இப்போது வெளி ஊர்களிலும் இருக்கிறது. வக்கீலுக்குப் பணமில்லையே என்று கவலை வேண்டாம். வருமானம் எதுவானாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு.

ஆஸ்பத்திரிக்கு வந்தால் கீழே விழுந்தேன் என்று சொல்லாதீர்கள். யார் அடித்தது, எதனால் அடித்தது என்று சொல்லி, டாக்டர் அதை எழுதிக்கொள்ளும்படி கேளுங்கள். நாளைக்கு அந்தக் காகிதம்தான் சாட்சி. உங்கள் ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, நம்பிக்கையான ஒரு வீட்டில் கொடுத்து வையுங்கள்.

தன் கையை நிறுத்த முடியவில்லை என்று உண்மையாகவே வருந்துகிற ஆண்களும் வரலாம். குடியை விட மருந்தும் ஆலோசனையும் அரசு ஆஸ்பத்திரியில் இருக்கிறது. ஆனால் குடியை விடுகிற வரைக்கும் அடி வாங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்று மனைவியிடம் கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

புதன்கிழமை தடுப்பூசி நாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு எப்படியும் வருவீர்கள், அதற்கு வீட்டில் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். தனியாகப் பேச வேண்டியிருந்தால், எடை போடும்போது நர்ஸம்மா காதில் சொல்லுங்கள். எல்லோரும் போகும் வரை உங்களை உட்கார வைப்பார்.